அப்பாவின் இனிஷியலும் என் அடையாளமும்: மாற்றலாமா, வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி – எழுதியவர்: நொய்யல்

அனைவருக்கும் வணக்கம். நான் கோவையில் இருக்கும் பல் மருத்துவர். இத்தனை காலம் பிறருடைய கிளினிக்குகளில் பணிபுரிந்துவிட்டு, இப்போதுதான் சொந்தமாக ஒன்றைத் தொடங்கப் போகிறேன். பெயர்ப்பலகை செய்பவர் மாதிரியைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டு, "டாக்டரம்மா, இனிஷியலை முன்னால போடட்டுங்களா, பின்னால போடட்டுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னால் இன்னும் பதில் சொல்ல முடியவில்லை.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது அப்பா எங்களை விட்டுப் போய்விட்டார். இறந்துவிடவில்லை, பக்கத்து மாவட்டத்தில் வேறொரு குடும்பத்தோடு வாழ்கிறார். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் (மின் தையல் இயந்திரம்) ஓட்டி என்னை வளர்த்தார். ஆர்டர் நெருக்கும் காலங்களில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பும்போது அவருடைய தலைமுடியில் பஞ்சுத்தூசி படிந்திருக்கும். சனிக்கிழமை வாங்கும் வாரச் சம்பளத்தில் பள்ளிக்கட்டணத்துக்கென்று ஒரு பகுதியை எடுத்துத் தனியாக ஒரு சுருக்குப்பையில் போட்டு வைப்பார். அந்தப் பணத்தில் கட்டிய ஒவ்வொரு ரசீதிலும் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்துத்தான் இருந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், கல்லூரிப் பட்டம், பல் மருத்துவக் கவுன்சில் பதிவு, வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் அதே எழுத்துத்தான். திருமணத்துக்குப் பிறகு கணவரின் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று உறவினர்கள் சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை. என் கணவரும் கேட்கவில்லை.

இனிஷியலை அம்மாவின் எழுத்தாக மாற்றிவிட வேண்டும் என்று பல ஆண்டுகளாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எனினும் செயலில் இறங்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று தடுக்கிறது. அதைப் பாசம் என்று சொல்ல மாட்டேன். அவர் மீது எனக்குப் பாசம் இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியவில்லை. நான் இப்படி ஆனதற்கு அவர் போனதுதான் காரணம் என்று என் வாழ்க்கையை நானே எனக்கு விளக்கி வைத்திருக்கிறேன். யாரிடமும் உதவி கேட்க மாட்டேன். எவ்வளவு சிறிய தொகையானாலும் ரசீதைப் பத்திரப்படுத்துவேன். கணவர் வர அரை மணி நேரம் தாமதமானால், அவர் வராமலே போய்விட்டால் அடுத்து என்ன செய்வது என்று மனம் தானாகவே திட்டம் போடத் தொடங்கிவிடும். பணியிடத்தில் வயதில் மூத்த ஆண் மருத்துவர் ஒருவர் "நன்றாகச் செய்தாய்" என்று சொன்னால் அந்தச் சொல் என்னோடு ஒரு வாரம் இருக்கும். அதையே ஒரு பெண் மருத்துவர் சொன்னால் அவ்வளவு நேரம் நிற்பதில்லை. இதை நான் வெறுக்கிறேன். இவை தவிர, அவருடைய உடல்மொழியும் எனக்கு வந்திருக்கிறது. கோபத்தில் நான் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்க்கும்போது அம்மா என்னைத் தெரியாதவர் போல ஒரு பார்வை பார்ப்பார். ஓரிரு முறை "அப்படியே உங்கப்பன்" என்று சொல்லியும் இருக்கிறார்.

அருகில் இல்லாத ஒரு மனிதர் ஒரு பெண்ணின் குணத்தையும் முடிவுகளையும் இவ்வளவு தூரம் தீர்மானிக்க முடியுமா? அவருடைய எழுத்தை நீக்கினால் நான் எதையாவது தீர்த்தவள் ஆவேனா, அல்லது வெறும் காகிதத்தை மட்டும் மாற்றியவள் ஆவேனா? சட்டம் தெரிந்தவர்களும், இதே போன்ற நிலையில் வளர்ந்தவர்களும், இதற்கு நேர்மாறான நிலையில் வளர்ந்தவர்களும் எழுதினால் நன்றியோடு வாசிப்பேன்.

---

பதில் – காவிரிக்கரை

தோழி, நேர்மாறான நிலையில் வளர்ந்தவர்களையும் கேட்டிருக்கிறீர்கள். நான் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவள்.

கும்பகோணத்துக்கு அருகில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் என் அப்பா எழுத்தராக இருந்தார். நான் ஒரே பெண். காலையில் திண்ணையில் அமர்ந்து நாளிதழின் தலையங்கத்தை என்னை வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்பார். எட்டாம் வகுப்புப் பெண்ணின் கருத்தை, எதிர்வீட்டுக்காரர் ஒருவரின் கருத்தைக் கேட்பது போல முழுமையாகக் கேட்டுவிட்டுத்தான் மறுப்பார். இன்று எந்தக் கூட்டத்திலும் எழுந்து பேச எனக்குத் தயக்கமில்லை என்றால் அது அந்தத் திண்ணையில் கிடைத்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதே அப்பா என் வாழ்க்கையின் ஒவ்வொரு படிவத்தையும் தானே நிரப்பினார். வங்கிச் செலான், கல்லூரி விண்ணப்பம், முதல் வேலைக்கான மனு, திருமணத்துக்குப் பிறகு வருமான வரிக் கணக்கு வரை எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருக்கும். நான் கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சிறிய பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பார். நான் அதன்மேல் கையெழுத்திடுவேன். என்ன படிப்பது என்பதையும் எங்கே வேலைக்குப் போவது என்பதையும் அவர்தான் முடிவு செய்தார். அதட்டவில்லை, கட்டாயப்படுத்தவில்லை, எனக்கு எது நல்லது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும் என்று நானே முழு மனதோடு நம்பினேன். அவர் இறந்த பிறகு, அவருடைய சேமிப்புக் கணக்கை முடிக்க வங்கியில் கொடுத்த படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே கையெழுத்திடுவது என்று பென்சில் குறியைத் தேடினேன். அப்போது எனக்கு நாற்பதை நெருங்கும் வயது.

ஆகவே, நல்ல அப்பா அமைந்திருந்தால் நீங்கள் அச்சமற்ற, முழுமையான ஒருத்தியாக இருந்திருப்பீர்கள் என்று ஒரு கற்பனைப் பெண்ணை உருவாக்கி, அவளோடு உங்களை ஒப்பிடாதீர்கள். அன்பான அப்பாவிடமும் பெற்றுக்கொள்ள வேண்டியவையும் விட்டுவிட வேண்டியவையும் உண்டு. விட்டுவிட வேண்டியவை அன்பின் வடிவில் வந்து சேர்வதால் அவற்றை அடையாளம் காண்பதற்கே எனக்கு நெடுங்காலம் ஆனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு நான் கொள்ளி வைக்கவில்லை. பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் வைத்தான். நான் தெருமுனையோடு நிறுத்தப்பட்டேன். உலக அரசியல் வரை என்னோடு பேசியவர், தம் இறுதிச் சடங்கைத் தம் மகள் செய்யலாமா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி வைக்கவில்லை. "என் மகள்தான் செய்ய வேண்டும்" என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தால் ஊர் கேட்டிருக்கும், ஏனென்றால் அவர் சொல்லுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு இருந்தது. திண்ணையில் எனக்குக் கொடுத்த இடத்தைத் தெருவில் அவர் கேட்டு வாங்கித் தரவில்லை என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. அவரை நேசிப்பதற்கும் இந்த வருத்தத்தை வைத்திருப்பதற்கும் இடையே முரண் இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

---

பதில் – வழக்குரைஞர், மதுரை

சகோதரி, முதலில் நீங்கள் கேட்ட சட்டப் பகுதி.

வயது வந்த எவரும் தம் இனிஷியலை மாற்றிக்கொள்ளலாம். அதற்குத் தந்தையின் ஒப்புதலோ கணவரின் ஒப்புதலோ தேவையில்லை. எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு உரிய படிவத்தில் விண்ணப்பித்து, தமிழ்நாடு அரசிதழில் பெயர்மாற்ற அறிவிப்பை வெளியிட வேண்டும். பழைய பள்ளிச் சான்றிதழிலும் பட்டத்திலும் இருக்கும் பெயர் அப்படியே இருக்கும். தேவைப்படும் இடங்களில் அரசிதழ் நகலை அவற்றோடு இணைத்துக் காட்டுவீர்கள்.

தந்தையின் பெயர் இல்லாமல் ஓர் இந்தியக் குடிமகளின் ஆவணம் நிற்காது என்ற நிலையும் பெருமளவு தளர்ந்திருக்கிறது. தந்தை உயிரோடு இருக்கும்போதே தாயும் இயற்கைக் காப்பாளராக, அதாவது சட்டப்படி பிள்ளைக்குப் பொறுப்பானவராக, இருக்க முடியும் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் விளக்கம் அளித்தது. மணமாகாத தாய், குழந்தையின் தந்தை பெயரை வெளியிடாமலே காப்பாளர் உரிமை கோரலாம் என்று 2015-இல் சொன்னது. 2016 டிசம்பர் முதல் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். 2018 டிசம்பர் முதல், தாய் தனித்து வளர்த்த பிள்ளைகள் பான் அட்டைக்குத் தாயின் பெயரை மட்டும் தரலாம். உங்கள் பள்ளிக்காலத்தில் இவற்றில் பெரும்பாலானவை இல்லை. ஆகவே உங்கள் அம்மா கட்டிய ரசீதுகளில் அந்த எழுத்து இருந்ததை உங்கள் வீட்டின் பலவீனமாகக் கருத வேண்டாம். அன்று அலுவலகங்கள் கேட்டது அப்படித்தான்.

இனிஷியலை மாற்றினால் சட்டப்படியான உறவு அறுந்துவிடுமா என்ற ஐயம் பலருக்கு உண்டு, அறுவதில்லை. நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்றால், அவர் உயில் எழுதாமல் இறந்தால் நீங்கள் முதல் வகுப்பு வாரிசுதான், அதாவது சொத்தில் முதலில் உரிமை பெறுபவர்களில் ஒருவர். மறுபக்கமும் உண்டு. வசதியுள்ள மகள், மணமானவளாக இருந்தாலும், தம்மைக் காத்துக்கொள்ள இயலாத தந்தையைப் பராமரிக்கக் கடமைப்பட்டவள் என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விட்டுப் போனவர் முதுமையில் பராமரிப்புக் கேட்டு மனுப் போட்டால் அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். முடிவு அந்தந்த வழக்கின் உண்மைகளைப் பொறுத்தது.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. உரிமையியல் வழக்குகளில் நான் மிகுதியாகப் பார்ப்பது தந்தை–மகள் உறவைத்தான், ஆனால் பத்திரங்களின் வழியாக. தந்தை தன் மகளை யாராக எண்ணினார் என்பதை மகள்கள் பல நேரங்களில் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. பூர்வீகச் சொத்தில் மகளையும் மகனைப் போலப் பிறப்பாலேயே பங்காளியாக ஏற்கும் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அது பெரிய முன்னேற்றம்தான். எனினும் அந்தத் தேதிக்கு முன்பே மணமாகிவிட்ட மகள்களுக்கு அது பொருந்தவில்லை. ஒரே வீட்டின் இரு சகோதரிகளில், முன்பே மணமான மூத்தவள் பங்காளிப் பட்டியலுக்கு வெளியே நின்றாள்; பிறகு மணமானவள் உள்ளே இருந்தாள். அப்படி வெளியே நின்ற ஒரு பெண்மணி என் மூத்த வழக்குரைஞரின் அலுவலகத்தில், "அவளுக்கு அப்பா, எனக்கு யாரு சார்?" என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. நிலத்தின் மதிப்பை அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தையும் உச்ச நீதிமன்றத்தின் 2020 ஆகஸ்ட் 11 தீர்ப்பு தள்ளியது. மகளின் உரிமை அவள் பிறப்பிலிருந்து வருவது என்று அது உறுதி செய்தது. 2022-இல், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், 1949-இல் இறந்த ஒருவர் தாமே சம்பாதித்த சொத்து அவருடைய ஒரே மகளுக்குத்தான் உரியது, அவருடைய சகோதரரின் மகனுக்கு அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மகளும் 1967-இல் இறந்துவிட்டார். தன் தந்தைக்குத் தானே வாரிசு என்ற தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை.

இத்தனை சட்டங்கள் வந்த பிறகும் சார்பதிவாளர் அலுவலகங்களில் விடுதலைப் பத்திரங்கள் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. "உனக்குத்தான் நகை போட்டு, சீர் செய்து அனுப்பியாயிற்றே" என்று சொல்லி, அண்ணன் தம்பிகளுக்குப் பங்கை விட்டுக்கொடுக்கும் கையெழுத்தைத் தங்கைகளிடம் வாங்குகிறார்கள். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாதே என்ற அச்சத்தில் பெண்கள் கையெழுத்திடுகிறார்கள். தந்தை உயிரோடு இருக்கும்போதே மகளின் பெயரையும் சேர்த்து எழுதி வைத்த வீடுகளில் பிறந்த பெண்கள் நடந்துகொள்ளும் விதம் வேறாக இருப்பதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். பங்கு சிறியதாக இருந்தாலும் அவர்கள் பேச்சில் ஓர் உறுதி இருக்கிறது. சொத்துள்ள தந்தையர் இந்தப் பதிவை வாசித்தால் இந்தப் பத்தியையாவது இரண்டு முறை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

---

பதில் – வன்னிமகள்

அக்கா, நான் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவள். எங்கள் பக்கத்தில் இனிஷியலாக அல்லாமல் அப்பாவின் முழுப்பெயரையே எங்கள் பெயருக்கு முன்னால் எழுதுவோம். பள்ளிக்கூட இடாப்பில் (வருகைப் பதிவேட்டில்) ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது ஒவ்வொரு நாள் காலையிலும் அப்பாவின் பெயர்தான் முதலில் கேட்கும்.

என் அப்பா 2009 மே மாதத்தில், போரின் கடைசி நாட்களில், எங்கள் கண் முன்னே பேருந்து ஒன்றில் ஏற்றப்பட்டார். அதன் பிறகு எந்தத் தகவலும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் அருகில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் அம்மாவும் இருந்தார். அங்கே தாய்மார் படங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாடசாலை முடிந்து நானும் போய் உட்காருவேன். வெளியிலிருந்து வந்து படம் எடுப்பவர்களும் கேள்வி கேட்பவர்களும் என்னை "காணாமல் ஆக்கப்பட்டவரின் மகள்" என்றுதான் அறிந்தார்கள். நான் கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரி என்பதும், எனக்குப் பாட்டுப் பிடிக்கும் என்பதும் அந்தப் படங்களில் இல்லை.

இலங்கையில் 2016-இல் வந்த சட்டத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். கிராம அலுவலர் அதை எடுத்துச் சொன்னபோது அம்மா மறுத்துவிட்டார். கொண்டுபோனவர்கள் பதில் சொல்லாமல் தாம் ஒரு காகிதத்தை வாங்கினால் கேள்வி முடிந்துவிடும் என்பது அவர் எண்ணம். நான் அதை மதிக்கிறேன். அதே நேரம், என் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் "தந்தை: உயிருடன் / காலமானார்" என்ற இரண்டு கட்டங்களில் எதை அடையாளமிடுவது என்று தெரியாமல் இருந்தவளும் நான்தான்.

உங்கள் அப்பா தானாகப் போனார். என் அப்பா கொண்டுபோகப்பட்டார். இரண்டையும் ஒன்றாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை என்பது ஒரு பெரிய வேறுபாடு. உங்களுக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான். பக்கத்தில் இல்லாத அப்பா வளர்ந்துகொண்டே போவார். எங்கள் வீட்டில் அவர் ஒரு குறையும் இல்லாத மனிதராக ஆகிவிட்டார். அவருக்குக் கோபம் வந்ததுண்டு, கடையில் கடன் வைத்ததுண்டு, என் அண்ணனை ஒருநாள் அடித்ததுண்டு என்பதை மாமாவிடம் கேட்டுக் கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன். அவற்றைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு ஒரு அப்பா இருந்தார் என்ற உணர்வு வந்தது. அதற்கு முன்பு ஒரு படம்தான் இருந்தது. உங்கள் மனதில் உள்ள அப்பா எதிர்த்திசையில் வளர்ந்திருக்கலாம், அக்கா. அவரைத் தெரிந்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

---

பதில் – ஓய்வுபெற்ற பள்ளி ஆற்றுப்படுத்துநர் (மாணவர்களுக்கான மனநல ஆலோசகர்), திருச்சி

மகளே, உங்கள் கேள்வியை மீண்டும் மீண்டும் வாசித்தேன். மேலே எழுதியவர்கள் எல்லோரும் அருமையாக எழுதியிருக்கிறார்கள். நான் ஓரிடத்தில் உங்களோடு மாறுபட விரும்புகிறேன்.

யாரிடமும் உதவி கேட்காத குணம், ரசீதைப் பத்திரப்படுத்தும் பழக்கம், நாளைக்கு என்ன என்று முன்கூட்டியே திட்டமிடும் மனம் ஆகிய மூன்றையும் அப்பா போனதன் விளைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அதே பதிவில், சனிக்கிழமைச் சம்பளத்தில் ஒரு பகுதியைச் சுருக்குப்பையில் எடுத்து வைத்த ஒரு பெண்மணியையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று குணங்களும் அவரிடம் இருக்கின்றனவே. நீங்கள் தினமும் பார்த்து வளர்ந்தது அவரைத்தான். உங்களிடம் உள்ள உழைப்பையும் முன்யோசனையையும் விட்டுப் போனவரின் கணக்கில் எழுதிவிட்டு, பக்கத்தில் இருந்து வளர்த்தவரின் கணக்கில் வெறும் பாசத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தந்தை விட்டுச் சென்ற வீடுகளில் வளர்ந்த மாணவிகள் பலரிடம் இதை நான் கவனித்திருக்கிறேன். போனவரைப் பற்றியே வீடு முழுவதும் எண்ணிக்கொண்டிருப்பதால், இருந்தவர் கொடுத்தது கண்ணில் படுவதில்லை.

தந்தையின் பிரிவு உங்களுக்குள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. மூத்த ஆண் ஒருவரின் பாராட்டு ஒரு வாரம் நிற்கிறது என்றீர்களே, அது அவர் விட்டுச் சென்ற இடம் என்றே நானும் நினைக்கிறேன். கணவரின் தாமதம் எழுப்பும் அச்சமும் அவ்வாறே. ஆனால் அந்த அச்சம் எழுந்தவுடன் உட்கார்ந்து திட்டம் போடத் தெரிந்தவள் அம்மாவின் மகள்.

1980-களில் மேரி மெயின் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும், பெரியவர்கள் தம் குழந்தைப் பருவத்தையும் பெற்றோரையும் எப்படி எடுத்துச் சொல்கிறார்கள் என்பதை ஆராய ஒரு நேர்காணல் முறையை உருவாக்கினார்கள். அதில் வெளிப்பட்ட செய்தி என் பணிக்காலம் முழுவதும் எனக்குத் துணையாக இருந்தது. குழந்தைப் பருவம் இனிமையாக இருந்ததா, கடுமையாக இருந்ததா என்பதைவிட, ஒருவர் அதை எவ்வளவு தெளிவாக, மிகைப்படுத்தாமலும் மழுப்பாமலும், நிகழ்ச்சிகளோடு பொருந்தச் சொல்ல முடிகிறது என்பதே அவருடைய மனநிலைக்கும், அவர் தம் குழந்தைகளோடு கொள்ளும் பிணைப்புக்கும் நெருக்கமாக இருந்தது. கடுமையான பிள்ளைப்பருவம் வாய்த்தவர்களும் பிற்காலத்தில் அந்தத் தெளிவை அடைந்து, பாதுகாப்பான உறவுகளை அமைத்துக்கொள்ள முடிந்தது. இனிஷியலை மாற்றுவதற்கு முன்பு உங்கள் கதையை ஒருமுறை இப்படி எழுதிப் பாருங்கள் என்பதே என் யோசனை. அப்பா போன பிறகு நடந்ததோடு, அவர் இருந்த ஒன்பது ஆண்டுகளையும் எழுத வேண்டும். அந்த ஆண்டுகளைப் பற்றி உங்கள் பதிவில் ஒரு வரிகூட இல்லை.

ஒரு முன்னோடியை நினைவூட்டுகிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்த கல்வியாளர்; தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்த மணத்துக்காகத் தந்தை தம் உறவினரால் ஒதுக்கப்பட்டார். மகளைப் படிக்க வைத்தே தீர்வது என்று தந்தை நின்றார். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புகளுக்கு இடையே இடம் கிடைத்தது. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அந்தப் படிப்பின் வழி தந்தையின் வழி. ஆனால் சட்டமன்றத்தில் அமர்ந்தவுடன் அவர் கையில் எடுத்தது, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கும் போராட்டம். அது தாய் வழியில் வந்த வேதனை. அந்த வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் 1947-இல் நிறைவேறியது. 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்ததற்குப் பின்னால் புற்றுநோயில் இறந்த தங்கையின் நினைவும் இருந்தது. தந்தை கொடுத்த கருவியால் தாயின் காயத்தைத் தொட்டவர் அவர். ஒரு பெண்ணின் அடையாளத்தில் தந்தையின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் நான் இவரைத்தான் காட்டுவேன். பங்கு பெரியது, ஆனால் அது முழுமை அல்ல.

---

நொய்யல்

எல்லோருக்கும் என் நன்றி. அம்மாவின் கணக்கில் எழுத வேண்டியதை அப்பாவின் கணக்கில் எழுதியிருக்கிறேன் என்று திருச்சி அம்மா சொன்னதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. இதை இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அம்மாவிடம் இனிஷியலைப் பற்றி நேரடியாகவே கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிராமல், "நான் கட்டுன ரசீதுல எல்லாம் அந்த ஆளு எழுத்து இருந்துச்சுன்னு எனக்கு ஒரு நாளும் வருத்தம் இல்ல. உன் பேர நான்தான் வெச்சேன். அத மட்டும் போட்டா ஆகாதா?" என்றார். என் பெயரை வைத்தது அம்மா என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அப்பா இருந்த ஆண்டுகளைப் பற்றியும் கேட்டேன். ஈரோட்டுச் சந்தைக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவாராம். கணக்குப் போடுவதில் கெட்டிக்காரராம். கடன் வாங்கி மறைப்பாராம். கடைசியாகச் சொன்னதை அம்மா மெதுவாகத்தான் சொன்னார். வன்னித் தங்கை சொன்னது போல, இப்போதுதான் அவர் ஒரு மனிதராகத் தெரிகிறார். கோபம் குறையவில்லை, அதற்கு ஒரு முகம் கிடைத்திருக்கிறது.

சான்றிதழ்களில் உள்ள எழுத்தை இப்போதைக்கு மாற்றப் போவதில்லை. பலகையில் என் பெயரை மட்டும் எழுதலாம் என்று நினைக்கிறேன். மதுரை வழக்குரைஞர் ஐயா, இனிஷியல் இல்லாமல் பலகை வைத்தால் தொழில்முறையில் ஏதேனும் சிக்கல் வருமா?

---

வழக்குரைஞர், மதுரை

பலகையில் பெயரோடு பட்டத்தையும் கவுன்சில் பதிவு எண்ணையும் தெளிவாக எழுதிவிடுங்கள். உங்களை அடையாளம் காட்டுவது அந்த எண்தான். மருந்துச் சீட்டு, சான்றிதழ், ரசீது, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் மட்டும் பதிவில் உள்ளபடி இனிஷியலோடு முழுப்பெயர் இருக்கட்டும். ஆயினும் பலகையை எழுதக் கொடுப்பதற்கு முன்பு உங்கள் கவுன்சில் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. பின்னாளில் அம்மாவின் எழுத்தைச் சேர்க்க விரும்பினால் முதலில் அரசிதழ், அடுத்து ஆதார், பான், அதன் பிறகு கவுன்சில் பதிவு என்ற வரிசையில் செய்யுங்கள். கிளினிக் நன்றாக நடக்க வாழ்த்துகள், சகோதரி.